நான்கு மணி நேரம் ஐந்து நிமிடம்

லீமாவிடம் கேள்வி கேட்க வருகிறவர்கள் சைக்கிளோடு வரவேண்டும். பதில் அன்றைக்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒருவருக்கு நாற்பதாவது கிலோமீட்டரில் கிடைத்தது. இன்னொருவருக்கு மழையில் பஞ்சர் ஒட்டும்போது. பல் டாக்டர் அஜினுக்கு ஆறு வருஷமாகியும் கிடைக்கவில்லை.

"கேள்வி என்னன்னே மறந்துபோச்சு. சைக்கிள் மட்டும் மிச்சம்" என்பார்.

லீமாவுக்கு முப்பது வயது. இரணியல் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் கேட்கீப்பர். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டரை நான்கு நாளுக்குள் மிதித்து முடித்தவள். அவளைவிட மூத்த டாக்டர்களும் பேங்க் மேனேஜர்களும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் காலை, கேட் மூடியிருந்தபோது விஜிலா வந்து நின்றாள். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். முப்பத்து நான்கு வயது. ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை.

"மாஸ்டர், பயமில்லாம எரநூறு கிலோமீட்டர் முடிக்கணும். என்ன செய்யணும்?"

ரயில் போனது. லீமா கொடியைச் சுருட்டினாள்.

"என்ன பயம்?"

"பிள்ளைக்கு ஏதாவது ஆயிருமோன்னு."

"யார்கிட்ட விட்டுட்டு வாறீங்க?"

"அவ அப்பாகிட்ட."

"அவருக்கு என்ன வியாதி?"

"ஒண்ணும் இல்ல."

"பின்னே?"

விஜிலா கைப்பிடியைப் பார்த்தாள். "பின்னே ஒண்ணும் இல்ல மாஸ்டர். பயம்."

குழந்தை பிறப்பதற்கு முன் அவள் முந்நூறு கிலோமீட்டர் முடித்திருந்தாள். பிறந்த பிறகு இரண்டு தடவை இருநூறுக்குப் பெயர் கொடுத்தாள். முதல் தடவை முப்பத்தோராவது கிலோமீட்டரில் திரும்பினாள். வீட்டில் குழந்தை இன்னும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை நாற்பத்து நான்கில். குழந்தை வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்பதைப் பார்ப்பதற்காகவே அவள் இரண்டு தடவையும் வீடு திரும்பியிருந்தாள்.

"என் கொழுந்தன் இந்த சைக்கிளைக் கேட்டுக்கிட்டே இருக்கான். இந்தத் தடவையும் பாதியில நின்னா குடுத்துருவேன். வீட்டுல சொல்லியாச்சு."

"பயத்தையும் கொண்டு வாங்க அக்கா" என்றாள் லீமா. "கூட ரெண்டு பாட்டில் தண்ணி."

கேட்டைத் திறந்துவிட்டாள்.

பத்து வாரம் பயிற்சி நடந்தது. விடிவதற்கு முன் கிளம்பி ஏழரைக்குள் வீடு. குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை. எல்லாம் மலை ஓரத்துச் சாலை, ரப்பர் தோட்டத்து நிழல். அந்த நேரத்தில் ஒரு இலை அசையாது.

மேடு வந்தால் லீமா பக்கத்தில் வந்துவிடுவாள்.

"நேத்து என்ன குழம்பு அக்கா?"

"மீன்."

"என்ன மீன்?"

"சா... சாளை."

"மூச்சு வாங்குது. இன்னும் மெதுவா மிதிங்க."

முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எதையாவது வாயில் போடச் சொன்னாள். பசி வந்த பிறகு தின்றால் அது வயிற்றுக்குத்தான் போகும், காலுக்கு வராது என்றாள். விஜிலாவின் சட்டைப் பின்பையில் எப்போதும் கடலைமிட்டாய் இருந்தது. கல்லூரி ஸ்டாஃப் ரூமிலும் தின்றாள். தொடை இறுகியது. படுத்த உடனே தூங்கினாள். இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் விட்டுவிட்டுத் தனியாகச் சிரித்தாள். ஒன்பதாவது வாரம், பேச்சிப்பாறை மேட்டில், தேங்காய் அரைப்பது முதல் கறிவேப்பிலை போடுவது வரை முழுக் குழம்பையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"உப்பு போடல்லியே" என்றாள் லீமா.

அதற்கும் சிரித்தாள்.

ஆடி முதல் சனிக்கிழமை. தக்கலையிலிருந்து திருச்செந்தூர் எல்லை வரை போய்த் திரும்ப வேண்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் இரவு ஏழரைக்குள் வந்து சேர வேண்டும். போகிற இடத்தில் ஒரு டீக்கடையில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். வேறு சட்டம் கிடையாது.

வாசலில் கணவன் பிரபின் தூக்கக் கலக்கத்தில் நின்றான்.

"மணிக்கு ஒரு தடவை நீ கூப்பிடு. நான் கூப்பிட மாட்டேன். நான் கூப்பிட்டா நீ பயந்துருவ."

"செரி."

"ஏதாவது ஆச்சுன்னா மட்டும் கூப்பிடுவேன்."

"அப்படிச் சொல்லாதீங்க."

"செரி, ஒண்ணும் ஆகாது. போ."

மூன்று பேரும் கிளம்பினார்கள். லீமா, அஜின் டாக்டர், விஜிலா. நாகர்கோவில் வரை பஸ்களோடு இழுபறி. தோவாளையில் பூச்சந்தை மணம் சாலையின் குறுக்கே கிடந்தது. ஆரல்வாய்மொழி தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள், நூற்றுக்கணக்கில். எல்லாம் இவர்களைப் பார்த்தே நின்று சுற்றின.

அங்கிருந்து சைக்கிளுக்கு என்னவோ ஆனது.

விஜிலா கியரை ஏற்றினாள். சைக்கிள் இன்னும் கேட்டது. இன்னொன்று ஏற்றினாள். கைப்பிடியில் இருந்த மீட்டர் முப்பது காட்டியது, முப்பத்திரண்டு, முப்பத்து நான்கு. காதில் ஒரு சத்தம் இல்லை. செயின் ஓடும் சத்தம் மட்டும், தையல் மெஷின் மாதிரி. காவல்கிணறு பிரிவில் ஒரு மினி பஸ்ஸைத் தாண்டினாள். ஜன்னலோரப் பாட்டையா ஒருவர் வெற்றிலைக் கையை உயர்த்தி வழியனுப்பினார்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா" என்றாள் பின்னால் வந்த லீமா.

"நான் ஒண்ணும் பண்ணலை மாஸ்டர். அதுவா போகுது."

லீமா ராதாபுரத்தில் நின்று மோர் குடித்தாள். விஜிலா நிற்கவில்லை. திசையன்விளை வந்தது, போனது. செம்மண் மேடாய்த் தேரிக்காடு, பனை, மறுபடி பனை. ஒவ்வொரு பனையும் ஓடிவந்து அவளைத் தாண்டிப் போயிற்று. டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"என்ன மக்கா இது. ஊக்க மருந்து ஏதாவது தின்னாச்சா?"

"சாளைக் கொழம்பு டாக்டர்."

"எனக்கும் ஒரு சட்டி அனுப்பணும். நாலு பல்லு ஃப்ரீயா பிடுங்கித் தாறேன்."

உடன்குடியில் கருப்பட்டி ஒரு துண்டு வாங்கிக் கடைவாயில் அடக்கிக்கொண்டாள். அது கரைந்து முடிவதற்குள் பத்து கிலோமீட்டர் போய்விட்டது. வாய்விட்டுப் பாடினாள். பாட்டில் பாதி வரி மறந்திருந்தது. மறந்த இடத்தில் லாலா போட்டாள். கால் வலிக்கவில்லை. உடம்பில் எங்கும் எடை இல்லை.

டீக்கடை வந்தபோது மணி பத்து ஐந்து. கடைக்கார அம்மா அட்டையில் முத்திரை குத்தி நேரத்தை எழுதினார். பின்னாலேயே லீமாவும் வந்து சேர்ந்தாள்.

"நாலு மணி அஞ்சு நிமிஷம்" என்றார் டாக்டர். "நூறு கிலோமீட்டர். இன்னும் ஒன்பதரை மணி நேரம் கையில கிடக்கு. அக்காவுக்கு சிலை வைக்கலாம்."

விஜிலா இரண்டு வடையைச் சேர்த்துக் கடித்தாள். முகமெல்லாம் உப்பு. சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

கடைக்கார அம்மா தேங்காய்ச் சட்னியை ஊற்றிக்கொண்டே கேட்டார். "வீட்ல பிள்ளைங்க உண்டா தாயி?"

"ஒரு மக..."

வடை கையிலேயே நின்றது.

பையிலிருந்து போனை எடுத்தாள். ஒரு அழைப்பும் வந்திருக்கவில்லை. இவளும் ஒரு தடவைகூடக் கூப்பிட்டிருக்கவில்லை. பிரபின் நம்பரைத் தொட்டாள்.

"என்ன, நாகர்கோவில்ல நிக்கியா?" என்றான் பிரபின்.

"திருச்செந்தூர்."

"திருச்செந்தூரா. அடேயப்பா."

"பிள்ளை?"

"வாளியில தண்ணி கோரி என் தலையில ஊத்திக்கிட்டு இருக்கா. மூணு இட்லி தின்னா."

"என்னைத் தேடினாளா?"

"இல்லியே."

அவள் போனை வைத்தாள். வடையைத் தட்டில் வைத்தாள். எழுந்து கடைக்கார அம்மாவிடம் கேட்டாள்.

"நாகர்கோவிலுக்கு பஸ் எங்க நிக்கும்?"

டாக்டர் டீயை வாயில் வைத்தவர் அப்படியே இருந்தார். "என்ன ஆச்சு அக்கா? பிள்ளைக்கு சுகமில்லியா?"

"பிள்ளை நல்லா இருக்கா."

"பின்னே எதுக்கு பஸ்?"

அவள் லீமாவிடம்தான் சொன்னாள். "ரெண்டு தடவையும் பயந்து திரும்பினேன் மாஸ்டர். அதாவது பரவாயில்ல. இன்னிக்கு நாலு மணி நேரம் எனக்கு ஒரு பிள்ளை இருக்குங்கறதே ஞாபகம் இல்ல. பாடிக்கிட்டு வந்தேன். ஒரு தாய்க்கு அப்படி வருமா? எனக்கு இப்போ என்னைக் கண்டே பயமா இருக்கு. இந்த சைக்கிள் வேண்டாம். கொழுந்தனே வச்சுக்கட்டும்."

"அக்கா, மறந்தது நல்லதுதானே, அதுக்குத்தானே மனுஷன் சைக்கிள்..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

லீமா அவரைப் பார்த்தாள். அவர் டீயைக் குடித்தார்.

"பஸ் எதிர்ப்பக்கம் நிக்கும்" என்றாள் லீமா. "வாங்க, தள்ளிட்டுப் போவோம்."

அவளே விஜிலாவின் சைக்கிளைப் பிடித்துச் சாலையின் குறுக்கே தள்ளினாள். டாக்டர் மற்ற இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். கடைச் சுவரின் மறைவு முடிந்தது. எதிர்ப்பக்கம் போய், வந்த வழியைப் பார்க்க முன்சக்கரத்தைத் திருப்பி, கைப்பிடியை விஜிலாவிடம் கொடுத்தாள்.

விஜிலா ஒரு அடி பின்னால் போனாள்.

யாரோ இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சில் வைத்துத் தள்ளியதுபோல் இருந்தது. கண்ணில் மண். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு பின்னால் படபடத்தது. பனை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாக வாரிச் சீவியிருந்தன. காதுக்குள் ஆறு பாய்கிற இரைச்சல். சைக்கிள் கையை விட்டுச் சாயப் பார்த்தது. இடுப்பை முட்டுக்கொடுத்து நிறுத்தினாள்.

"இது எப்ப ஆரம்பிச்சது?" காற்றில் கேட்பதற்காகக் கத்திக் கேட்டாள்.

"தக்கலையில" என்றாள் லீமா.

விஜிலா நம்பாமல் டாக்டரைப் பார்த்தாள்.

"ஆடி மாசம்லா அக்கா" என்றார் அவர். "எல்லாருக்கும் தெரியும். இருந்தும் பாருங்க, ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்துக்கு வந்து திரும்புற வரைக்கும் என் கால்தான்னு நெனச்சுக்கிட்டு வாறேன்."

"ஒரு இலை அசைஞ்ச மாதிரி தெரியலியே. சத்தமே இல்லியே."

"கூடவே போனா சத்தம் இருக்காது" என்றாள் லீமா.

தூரத்தில் பஸ் தெரிந்தது. சைக்கிளை ஏற்ற மேலே கம்பி கட்டிய பழைய பஸ். டாக்டர் கையைக் காட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி உயர்த்தினார். பஸ் தானாகவே நின்றது. கண்டக்டர் படியில் இறங்கி, மூன்று சைக்கிளையும் மூன்று ஹெல்மெட்டையும் பார்த்தார்.

"மூணும் மேல போடணுமா?"

"ஒண்ணுதான்" என்றார் டாக்டர்.

"யாருது?"

லீமா தன் சைக்கிளில் ஏறி, ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் பெடலிலும் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தாள். அங்கே நூறு கிலோமீட்டர் இருந்தது.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா. வண்டிக்கு நேரமாச்சு. இந்தக் காத்துல மிதிச்சிட்டு எங்க போவப் போறீங்க?"

விஜிலா கண்டக்டரைப் பார்க்கவில்லை.

"மாஸ்டர்" என்றாள். "அந்த நாலு மணி நேரமும் என் பிள்ளை எங்க இருந்தா?"

"உங்க முதுகுல" என்றாள் லீமா.

கண்டக்டர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு விசிலடித்தார். பஸ் போயிற்று.

விஜிலா தன் சைக்கிளில் ஏறினாள். ஹெல்மெட் வாரை இறுக்கினாள். கியரைக் கடைசி வரைக்கும் இறக்கினாள்.