கேட்கும் துளை

“மூணு வருஷம் உங்களுக்கு வாயா இருந்தேன். இப்ப என் இடத்துல இந்தப் பழைய கம்ப்யூட்டரா?”

காலையிலிருந்து இது நாலாவது தடவை. ஓர் எழுத்து பிசகவில்லை. தன் வாக்கியம் என்றால் பத்மாசனிக்கு எப்போதுமே பிசகாது.

தையல்நாயகி அம்மா பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. தொண்டையில் ஆபரேஷன் நடந்து குரல் போய் மூன்று வருஷம் ஆகிறது.

அதுமுதல், ஆசிரமத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யார் என்ன கேட்டாலும் அம்மா துண்டுச்சீட்டில் எழுதுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பத்மாசனி வாங்கி வாசிப்பாள்.

வாசிப்பாள் என்பது பேச்சுக்கு. கான்வென்டில் கட்டுரைப் போட்டி ஒன்று விடாமல் பரிசு வாங்கியவள். அம்மா இரண்டு வார்த்தை எழுதினால் இருபது நிமிஷத்துக்கு விரித்துவிடுவாள். வந்தவர்களும் அம்மாவின் ஞானத்தை மெச்சிக்கொண்டு வீடு போய்ச் சேருவார்கள்.

குருவுக்கு வயது நாற்பத்தைந்து. சிஷ்யைக்கு அறுபத்திரண்டு.

இந்த வாரம் அம்மா சீட்டுக் கட்டை எடுக்கவே இல்லை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, மூலையில் துணி போர்த்திக் கிடந்த கம்ப்யூட்டரைக் கை காட்டினார்.

திரையும் பெட்டியும் ஒரே உடம்பாக வந்த பழைய மாடல். யாரோ பக்தர் கொடுத்தது. அதை ஆன் செய்துவிட்டுப் போய், அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தாலும் முழுசாக விழித்திருக்காது. திரை மட்டும் ஜன்னல் அகலம். இன்றும் பளிச்சென்றிருந்தது.

“நீங்க டைப் பண்றது இதுல எல்லாருக்கும் தெரியணும், அதானே? அப்ப நான் எதுக்கு?”

அம்மா ஒரு கேபிளை அவள் கையில் கொடுத்தார்.

நீயே செருகு என்று அர்த்தம். பத்மாசனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு முனையை லேப்டாப்பில் குத்தினாள். மறுமுனையை, கம்ப்யூட்டரின் முதுகைத் தடவி, கைக்குக் கிடைத்த துளையில் திணித்தாள்.

அம்மா டைப் செய்தது எதுவும் திரையில் வரவில்லை.

ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கூடத்தில் பாய் விரிக்கும் சத்தம் கேட்டது.

“பாருங்க, இதுக்கும் உசிர் இருக்கு, அதுக்கும் உசிர் இருக்கு, கேபிளும் புதுசு. என்ன கேடு வந்துதாம்? பேசாம சீட்டையே எடுங்கம்மா.”

அம்மா லேப்டாப்பைத் தொட்டார். பிறகு தன் வாயைத் தொட்டார். பழைய கம்ப்யூட்டரைத் தொட்டார். மறுபடியும் வாயையே தொட்டார். கடைசியில் இரண்டு காதுகளையும் கையால் பொத்திக்கொண்டார்.

பத்மாசனி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்தாள்.

அச்சாக ஒரே மாதிரி இரண்டு துளைகள். ஒன்றின் மேல் பொடி எழுத்தில் ‘அவுட்’. மற்றதன் மேல் ‘இன்’. கேபிள் அவுட்டில் இருந்தது.

“ரெண்டும் பேசிட்டே இருந்திருக்கு,” என்றாள். “கேக்கத்தான் ஆளில்ல.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

கேபிளை மாற்றிச் செருகினாள். அப்போதும் திரையில் கம்ப்யூட்டரின் சொந்தச் சரக்குதான். பஜனைப் பாட்டுகள், திருவிழாப் படங்கள், ‘பத்மாசனி விளக்கவுரைகள்’ என்று ஒரு கோப்பு.

பக்கவாட்டில் ‘இன்புட்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அம்மா கண்ணால் காட்டினார்.

“இதை அமுக்கினா, உள்ளே இருக்கறதெல்லாம் போயிடுமா?”

போகாது என்று அம்மா தலையாட்டினார்.

அமுக்கினாள்.

பாட்டு, படம், விளக்கவுரை எல்லாம் ஒரே நொடியில் மறைந்தன. கறுப்பு. உள்ளே மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, விடிந்த மாதிரி, ஒரு வெள்ளைப் பக்கம். அதன் தலைமாட்டில் துடிக்கும் ஒரு சின்னக் கோடு.

கூட்டம் உட்கார்ந்தது. முதலில் எழுந்தவள் செல்லக்கிளி. மழைக்காலத்தில் மகனைப் பறிகொடுத்தவள்.

“எம்புள்ள ஏன் போனான், தாயி? போன மாசமும் இதைத்தான் கேட்டேன். பூர்வ ஜென்மப் பாவம்னு இந்தம்மா வாசிச்சாங்க. நான் என்ன பாவம் பண்ணினேன்னு அன்னைலேர்ந்து தேடிட்டே இருக்கேன். ஒண்ணும் அகப்படல.”

பத்மாசனியின் கை கண்ணாடிக் கூட்டைத் தேடிப் போனது.

போன மாதச் சீட்டில் இருந்தது ஒரே வார்த்தை: தெரியவில்லை. குரு தெரியவில்லை என்பாரா? அம்மாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவள் பூர்வ ஜென்மத்தை இழுத்து வந்தாள். அந்தச் சீட்டு இன்னும் அவள் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்தபடி இருந்தது.

அம்மா விசையைத் தட்டினார்.

திரையில் ஒரு த் வந்தது. உள்ளங்கை அகலம். தலையில் புள்ளியோடு மெய்யாக நின்றது. அடுத்த தட்டில் உயிர் வந்து சேர, புள்ளி கழன்று ‘தெ’ ஆனது. பிறகு ஒரு ர். அதற்கும் உயிர் வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தமிழ் படிப்பவள், எழுத்துக்கு உயிர் வருவதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.



“எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே,” என்றாள் செல்லக்கிளி. “என்ன போட்டிருக்கு?”

நாற்பது முகங்களும் பத்மாசனி பக்கம் திரும்பின.

அவள் வாயைத் திறந்தாள். இருபது நிமிஷத்துக்கான சரக்கு தொண்டை வரை வந்து நின்றது. அங்கேயே நின்றது.

“தெரியவில்லை,” என்று வாசித்தாள்.

செல்லக்கிளி அப்படியே பாயில் உட்கார்ந்தாள்.

திரையில் கோடு அடுத்த வரிக்கு இறங்கியது. புள்ளிகள் வந்தன, கழன்றன. பத்மாசனி, வந்ததை வந்தபடியே வாசித்தாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

“உங்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரட்டுமா?”

செல்லக்கிளி பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.