சென்னியப்பன் குழாய் வாங்கப் போன கதை

“குழாய்க்கு அழகே…” என்று பெரியப்பா ஆரம்பித்தது மட்டும் சென்னியப்பனுக்கு ஞாபகம் இருக்கிறது.

அவருடைய பம்புசெட் பட்டறையின் திறப்பு விழாவில் பெரியப்பா பேசிய பேச்சு அது. அந்த நேரம் பார்த்து மைக் கீச்சிட்டது. பின்னாலேயே காபி வந்தது. மீதி வாக்கியம் காபியோடு போய்விட்டது.

குழாய்க்கு அழகு எது? நீளமா? வழவழப்பா? மினுமினுப்பா?

இத்தனை வருஷம் அதைப் பற்றி அவர் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறார். இப்போது அவருடைய மீசை ஒரு குழாயை நம்பி இருக்கிறது.

*

ஆனைகட்டி சாலையில், மலை ஆரம்பிக்கிற இடத்தில், பொற்கொடியின் பெயின்ட்பால் மைதானம். முகமூடி மாட்டிக்கொண்டு, மறைந்து மறைந்து ஓடி, சாயம் அடைத்த உருண்டையால் எதிராளியைச் சுட வேண்டும். உருண்டை உடைந்து சட்டையில் சாயம் பட்டால் அவர் அவுட்.

பொற்கொடிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஆனாலும் கிழவர்கள் முதல் கல்லூரிப் பிள்ளைகள்வரை எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். கேட்டதற்கு மாஸ்டரிடம் பதில் வராது, கேட்காததற்கு வரும் என்று மைதானத்தில் ஒரு பேச்சு உண்டு.

சென்னியப்பன் போனபோது மாஸ்டர் மரப்பெஞ்சில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், எனக்கு ஒரு குழாய் வேணுங்க.”

துப்பாக்கி பிடிக்கிறவர்கள் அதைப் பேரல் என்பார்கள். பம்புசெட் தொழிலில் இருப்பவருக்கு அது குழாய்தான்.

“உக்காருங்ணா. யாருக்குக் குழாய்?”

“எனக்குத்தானுங்க.”

மாஸ்டர் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வயிற்றருகே கொஞ்சம் நிதானித்தார்.

“நீங்க அதுக்குள்ள போக மாட்டீங்களேண்ணா.”

சென்னியப்பனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

“விளையாடாதீங்க மாஸ்டர். ஞாயித்துக்கிழமை நானும் மாப்பிள்ளையும் ஒத்தைக்கு ஒத்தை. யார் மேல சாயம் விழுதோ அவன் மீசையை எடுக்கோணும். சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடியும் பேசியாச்சு.”

மாப்பிள்ளை என்றது மனைவியின் தம்பி தெய்வசிகாமணியை. இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கி வாங்கினார்கள். பழகுகிறவர்களுக்கு என்று விற்கிற சாதாரண ரகம்.

“சிகாமணி அண்ணனா? அவரு மீசையும் நல்லா இருக்குமே.”

“என்னுது அளவுக்கு இல்லீங்க.”

“சரி. இருக்கிற குழாய்க்கு என்ன?”

“கோணலுங்க. நேராச் சுட்டா இடப்பக்கம் போகுது. போன வாரம் மாப்பிள்ளை நெஞ்சுக்குத்தான் குறி வெச்சேன். உங்க டீக்கடைக்காரர் முதுகுல போய் விழுந்துச்சு.”

“அவரு அந்தச் சட்டையை இன்னும் துவைக்கலை. பச்சை எடுப்பா இருக்குதாம்.”

“எனக்கு மானம் போகுதுங்க.”

“சிகாமணி அண்ணன் உங்களை அடிச்சாரா?”

“அவனெங்க அடிச்சான்? கண்ணுதான் சரியில்லைன்னு ஓடிப்போய்க் கண்ணாடி மாத்திட்டு வந்தான். புதுக் கண்ணாடியிலயும் தப்பிக்கிட்டுத்தான் இருக்குது.”

மாஸ்டரின் கை கடலையோடு அப்படியே நின்றது. ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. மறுபடி உரிக்க ஆரம்பித்தார்.

“உருண்டை கொண்டாந்தீங்களா?”

“குழாய் வாங்கத்தானே வந்தேன்? பட்டறையில அளவு பார்க்கிற வெர்னியர் கொண்டாந்திருக்கேனுங்க. நூல் பிடிச்ச மாதிரி அளந்துடலாம்.”

“சந்தோஷம். அது பையிலயே இருக்கட்டும். நாளைக்கு உருண்டையோட வாங்க.”

*

அன்று சாயங்காலம் சென்னியப்பன் கண்ணாடி முன்னால் நின்று மீசையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கல்யாணப் போட்டோவிலும் இதே மீசைதான். அதற்குப் பிறகு தலைமுடி போயிருக்கிறது, இடுப்பு அளவு போயிருக்கிறது. மீசை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

மனைவி கோமதி எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, நீங்க தோத்தா நீங்க எடுக்கோணும். எந்தம்பி தோத்தா அவன் எடுக்கோணும். அதானே?”

“ஆமா.”

“ரெண்டு பேரும் தோக்கிற மாதிரி ஒரு வழி இல்லையா?”

*

மறுநாள் காலை. பெஞ்சின் மேல் மூன்று குழாய்கள் வரிசையாகக் கிடந்தன.

சென்னியப்பன் கை தானாக நீளமானதை எடுத்தது.

“இதுதானுங்க. நீளமா இருந்தா நேராப் போகுமில்ல?”

“உங்க பம்புக்கு நீளமா பைப்பு போட்டா தண்ணி வேகமா வருமாண்ணா?”

“எப்படிங்க வரும்? போற வழியெல்லாம் உரசிக்கிட்டுப் போகோணுமே.”

மாஸ்டர் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

சென்னியப்பன் நீளமானதைக் கீழே வைத்தார்.

அடுத்தது பளபளவென்று இருந்தது. முகம் பார்க்கலாம், மீசை திருத்தலாம். உடம்பெல்லாம் புல்லாங்குழல் மாதிரி ஓட்டை.

“இந்த ஓட்டையெல்லாம் எதுக்குங்க?”

“சத்தம் குறையும்.”

“குறி?”

“சத்தம் குறையும்.”

மூன்றாவதை அவர் தொடவே இல்லை. மங்கிப்போன கறுப்பு. நீளமும் இல்லை, குட்டையும் இல்லை. யாரோ பல நாள் வைத்திருந்த கீறல்கள்.

“அப்ப எதைத்தாங்க எடுக்கிறது? குறி தப்பாத குழாய் எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

மாஸ்டர், சென்னியப்பன் கொண்டுவந்திருந்த பொட்டலத்திலிருந்து ஒரு உருண்டையை எடுத்தார். நீளக் குழாயின் பின்பக்கம் போட்டுச் சாய்த்தார். உருண்டை கடகடவென்று ஓடி, மறுபக்கம் விழுந்து, புல்லில் உருண்டது. மைதானத்து நாய் அதைத் துரத்திக்கொண்டு போனது.

“அதுக்கு இவ்வளவு பெரிய வீடு வேண்டாமாம்.”

இன்னொரு உருண்டையைப் பளபளப்பில் போட்டார். அது உள்ளே போனதும் அசையவில்லை.

“ஊதுங்ணா.”

சென்னியப்பன் ஊதினார். அசையவில்லை. மூச்சை நன்றாக இழுத்து ஊதினார். கன்னம் இரண்டும் பூரி மாதிரி உப்பின. கண்ணில் தண்ணீர் வந்தது.

“மீசை மட்டுந்தான் அசையுது” என்றார் மாஸ்டர்.

டீக்கடைக்காரர் பச்சை முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

மூன்றாவது. மங்கின கறுப்பு. உருண்டை உள்ளே போய் உட்கார்ந்தது. சாய்த்தால் ஓடவில்லை. குலுக்கினால் விழவில்லை.

“ஊதுங்க.”

“பலமாவா?”

“டீயை ஆத்துற மாதிரி.”

சென்னியப்பன் ஊதினார். ஊதினார் என்றுகூடச் சொல்ல முடியாது. மூச்சு விட்டார். உருண்டை வழுக்கிக்கொண்டு போய் மாஸ்டரின் உள்ளங்கையில் விழுந்தது.

சென்னியப்பனின் கண்கள் விரிந்தன.

“இன்னொரு தடவைங்க.”

மறுபடி விழுந்தது.

“இன்னொரு தடவை.”

அவருக்கு அதுவே வேலையாகிவிட்டது. போடுவார், ஊதுவார், பிடிப்பார், சிரிப்பார். பட்டறை முதலாளி, ஊர்ப் பெரிய மனுஷன் எல்லாம் எங்கேயோ போய்விட்டார்கள். நாயும் ஒவ்வொரு உருண்டைக்கும் குதித்தது.

“வெர்னியரே வேண்டாமுங்க மாஸ்டர்! மூச்சே அளந்துடுது. இதையே போட்டுக் குடுங்க!”

“போடலாம். பழசைக் கழட்டுங்க.”

சென்னியப்பன் தன் துப்பாக்கியிலிருந்து மரை திருகிக் கழற்றினார்.

“அதையும் ஊதுங்க.”

“அதெதுக்குங்க? வேலை முடிஞ்சு போறது.”

“வேலையை விட்டுப் போறவங்ககிட்டக்கூட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தானேண்ணா அனுப்புவோம்?”

சென்னியப்பன் வேண்டாவெறுப்பாக ஒரு உருண்டையைப் பழைய குழாயில் போட்டார். சாய்த்தார். ஓடவில்லை. புருவத்தைச் சுருக்கினார். மெதுவாக மூச்சு விட்டார்.

உருண்டை கிளம்பியது. கறுப்புக் குழாயில் போனது போலவே வழுக்கிக்கொண்டு போனது.

வாசல்வரை வந்து நின்றுவிட்டது.

பலமாக ஊதினார். வரவில்லை.

மாஸ்டர் குழாயை வாங்கினார். பின்பக்கமாகச் சாய்த்து உருண்டையை வெளியே எடுத்தார். தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, குழாயின் வாய்க்குள் விட்டுச் சுரண்டினார்.

ஊசி நுனியில் கெட்டியாக ஏதோ வந்தது. மேலே பச்சை, உள்ளே மஞ்சள்.

மாஸ்டர் அதை மோந்து பார்த்தார். உள்ளங்கையில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். மோதிர விரலால் தொட்டு, தன் நெற்றியில் இட்டுக்கொண்டார்.

சந்தன வாசம் வந்தது.

சென்னியப்பன் வாயைத் திறந்தபடி நின்றார்.

“ஆயுத பூஜை…” என்றார்.

“சொல்லுங்க.”

“எல்லாத்துக்கும் வெச்சேனுங்க. லேத்து, டிரில்லு, தராசு, இந்த வெர்னியரு. துப்பாக்கிக்கு வெளிய வெச்சா, மேல மாட்டுற துணி உறையில ஒட்டிக்கும்னு…”

“ன்னு?”

“வாய்க்குள்ள வெச்சேன்.”

“கொஞ்சமாவா?”

“புதுசாச்சேன்னு நல்லாவே வெச்சேனுங்க. விஜயதசமியன்னைக்குத்தான் முதல்முதலா சுட்டது.”

முதலில் சிரித்தது டீக்கடைக்காரர். அப்புறம் மாஸ்டர். பெஞ்சில் உட்கார முடியாமல் எழுந்து நின்று சிரித்தார். கடைசியில் சென்னியப்பன் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்து, “பாவம், இந்தக் குழாயை என்னென்ன திட்டிட்டேன்” என்று சொல்லி மறுபடி சிரித்தார்.

*

குழாயைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். துணியை உள்ளே விட்டு இழுத்தார்கள். உருண்டையைப் போட்டு ஊதினார்கள். ஒரே மூச்சில் உள்ளங்கையில் விழுந்தது.

துப்பாக்கியில் மாட்டி, முகமூடி போட்டுக்கொண்டு, சென்னியப்பன் தூரத்தில் இருந்த பால் பவுடர் டப்பாவைக் குறி வைத்தார்.

டப்பா விழுந்தது.

எடுத்து நிறுத்தச் சொன்னார். மறுபடி விழுந்தது. இன்னும் தள்ளி நிறுத்தச் சொன்னார். அங்கேயும் விழுந்தது.

முகமூடியைக் கழற்றி வீசினார்.

“மாஸ்டர்! மீசை தப்பிச்சுதுங்க!”

துப்பாக்கியைப் பெஞ்சில் வைத்துவிட்டு, டீக்கடைக்காரரைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். எல்லோருக்கும் டீ சொன்னார். நாய்க்கு பன் வாங்கிப் போட்டார்.

டீயை ஆற்றிக்கொண்டே மாஸ்டர் கேட்டார்.

“பூஜையப்ப சிகாமணி அண்ணன் துப்பாக்கி எங்க இருந்துச்சு?”

சென்னியப்பன் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது.

ஒரே வாழையிலையில், பக்கத்துப் பக்கத்தில். ஒரே சந்தனக் கிண்ணம். ஒரே விரல்.

“அவனுதுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே வெச்சேனுங்க” என்றார் மெதுவாக. “மாப்பிள்ளையாச்சே.”

மாஸ்டர் டீயைக் குடித்தார்.

“அவன் இன்னும் கண்ணுதான்னு நினைச்சுக்கிட்டிருக்கான்.”

“ம்.”

“ஞாயித்துக்கிழமையும் அவனுக்குத் தப்பும்.”

“தப்பும்.”

“எனக்குத் தப்பாது.”

“தப்பாது.”

“நானா அவன்கிட்டச் சொல்லோணும்னு ஒண்ணும் இல்லைங்களே? பந்தயத்துல அப்படி எதுவும் பேசலை.”

“பேசலை.”

சென்னியப்பன் மீசையைத் தடவினார். இடப்பக்கம் தடவினார். வலப்பக்கம் தடவினார்.

“நான் என்ன பண்ணட்டும், மாஸ்டர்?”

மாஸ்டர் துப்பாக்கியிலிருந்து பழைய குழாயைக் கழற்றினார். அதைச் சென்னியப்பன் கண்ணருகே நீட்டினார்.

“என்னண்ணா தெரியுது?”

“மலைங்க.”

“வேற?”

சென்னியப்பன் உற்றுப் பார்த்தார். வட்டமாக, வெயிலில் பச்சையாக, மலை. அதற்கும் அவருக்கும் நடுவில் எதுவும் இல்லை.

“வேற ஒண்ணும் இல்லீங்க.”

மாஸ்டர் கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்து போனார்.

சென்னியப்பன் கண்ணை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். மைக் கீச்சிட்டது ஞாபகம் வந்தது. காபித் தட்டு வந்தது ஞாபகம் வந்தது. பெரியப்பாவின் மீதி வாக்கியத்தை இந்த முறை அவர் தேடவில்லை.

கறுப்புக் குழாயைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு, போனை எடுத்து, சிகாமணியைக் கூப்பிட்டு, துப்பாக்கிக் குழாயைக் கழற்றி அதன் வாயைக் கழுவச் சொன்னார்.