கப்பல் மண்டபத்துக் கயிறு

எஸ்தர் டீச்சர் வெறும் காகிதத்தை மடித்து மடித்தே மண்டபம் நிறையக் கலைப்படைப்பு செய்கிறவர். வயது முப்பத்தாறு. அவரிடம் பாடம் கேட்க வந்த கனகராயன், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அப்பா வயது.

புதுச்சேரியில் கனகராயனின் முதல் கண்காட்சி. சிறுவயதில் மழைத்தண்ணீரில் கப்பல் விட்டதை நினைத்து, மண்டபத் தரை முழுக்கக் காகிதக் கப்பல்களைப் பரப்பி வைத்திருந்தார்.

மறுநாள் டீச்சர் வந்தபோது மனிதர் வாசலிலேயே நின்று கொதித்துக்கொண்டிருந்தார்.

"அக்கிரமம் டீச்சர்! டை கட்டின ஒரு ஆள், கப்பலைப் பிரிச்சு ராக்கெட் செஞ்சு விடறார். அவர் சம்சாரம் கைதட்டுது. பார்த்துட்டுக் கூட்டமே தரையில உட்கார்ந்துடுச்சு!"

"உட்கார்ந்து?"

"வாயால ஊதிப் பந்தயம் விட்டாங்க. பெரியவங்க டீச்சர், அத்தனை பேரும் பெரியவங்க! என்னையும் கூப்பிடறாங்க, 'வாங்க சார், உங்க கப்பல் எது?'ன்னு. என்ன நெஞ்சழுத்தம்!"

"நீங்க என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவேன்? கத்தி வெளியே துரத்தினேன். இப்பத்தான் எல்லாத்தையும் மறுபடி மடிச்சு வரிசையா வெச்சேன். என் ஏழு வயசு டீச்சர் அது! கண்டவங்க கை வைக்கலாமா?"

"வைக்கக் கூடாது."

டீச்சர் உள்ளே போய் ஒரு கயிறு கொண்டுவந்தார். மண்டப வாசலின் இரண்டு தூண்களுக்கும் குறுக்கே இழுத்துக் கட்டினார். இவராவது நியாயம் பேசினாரே என்று கனகராயனுக்கு மூச்சு வந்தது.

ஓரத்தில் ஒரு கப்பல் சாய்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி வைக்கலாமென்று கயிற்றைத் தூக்கிக் குனிந்தார். டீச்சர் கையை நீட்டி மறித்தார்.

"அங்கேயே நில்லுங்க சார்."

"நானுமா?"

"கண்டவங்க கை வைக்கக் கூடாதுன்னீங்களே."

கனகராயனுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. "நான் கண்டவனா? இது என்ன அநியாயம்! ஒவ்வொண்ணும் இந்தக் கையால மடிச்சது. எனக்கே தடையா?"

டீச்சர் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினார்.

"ஏழு வயசுப் பையனோடதுன்னு சொன்னீங்க. அவன் வரட்டும் சார், அவிழ்த்து விடறேன்."