கனகவேல் அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டை

கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் சொர்ணம் ஒரு பெரிய டிவி வாங்கினாள். மறுநாள் கிரிக்கெட் பார்த்தபோது திரையின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருநிழல் தெரிந்தது. டிவியை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்கே கொண்டுவந்துவிட்டாள்.

கடை முதலாளி கனகவேல் அண்ணாச்சி, அங்கே கூடியிருந்த வாடிக்கையாளர்கள் முன்னால் அதில் பூந்தோட்டப் படம் ஒன்றை ஓடவிட்டார். அத்தனை நிறங்களுக்குள் நிழல் தெரியவில்லை.

"நீ பாத்த கிரிக்கெட் மைதானத்துல புல்லு காய்ஞ்சிருக்கும்மா. என் கடை டிவி உள்ளதை உள்ளபடி காட்டும். குறை இருந்தா இத்தனை பேர் முன்னாடி காட்டு, புதுசு தாரேன்" என்றார்.

"அண்ணாச்சி, கடை விளம்பரத்துல வெள்ளைச் சட்டையில சிரிச்சுக்கிட்டு நிப்பீகளே, அந்தப் படத்தைப் போடுங்க."

அவர் பெருமையாகப் போட்டார். சட்டையின் வயிற்றுப் பக்கம் ரசம் கொட்டியதுபோல் கறை தெரிந்தது. கூட்டம் சிரித்தது. பக்கத்து டிவியிலும் அதே படத்தைப் போடச் சொன்னாள். அங்கே சட்டை பளிச்சென்று இருந்தது.

"இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி, அழுக்கு உங்க சட்டையிலயா, டிவியிலயா?"

அண்ணாச்சி தன் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு புது டிவியை எடுத்துவரச் சொன்னார்.

சொர்ணம் அதிலும் முதலில் அவர் படத்தைத்தான் போட்டுப் பார்த்தாள்.