சாய்ந்து விழுந்த முத்திரை

ஸ்பெயின் தேசத்து மலையோரச் சிற்றூர் ஒன்றில், அர்பியோல் என்னும் வெள்ளிக்கொல்லர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர் பிரிகிதா அம்மாள். பட்டறையில் அவருக்கு வாய்த்தது கடைசி வேலை. ஆண்கள் அடித்து முடித்த பாத்திரங்களைக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார். பிறகு தரையைக் கூட்டி, குப்பையைச் சலித்து, வெள்ளித்தூள் பொறுக்குவார். சனிக்கிழமைதோறும் மாதா கோயிலுக்குப் போய்ப் பீடத்து மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துலக்கிக் கொடுப்பார். எழுத்தறியாதவர். அவருக்குத் தெரிந்த ஜெபம் 'அருள் நிறைந்த மரியே' ஒன்றுதான்.

இன்னொன்றும் அவரிடம் ஏராளமாக இருந்தது: பயம். இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், அதிகாரிகளின் தொப்பியைக் கண்டாலும் பயம். அடியார் என்றால் அஞ்சாநெஞ்சர் என்று நினைத்து வருகிறவர்கள் இந்த அம்மாளைப் பார்த்தால் ஏமாந்துதான் போவார்கள்.

பாத்திரங்களின் அடியில் பதிக்கும் அர்பியோல் முத்திரை மூன்று தலைமுறை கண்டது. பாட்டனார் சின்னக் கட்டத்துக்குள் தம் பெயரின் முதலெழுத்தை மட்டும் வெட்டினார். மகன் அதன்மேல் ஒரு மாதுளம்பழத்தை ஏற்றினார். பேரன் மத்தியாஸ் பழத்துக்குப் பக்கத்தில் சிலுவை ஒன்றைச் சேர்த்தார். இவர்தான் பிரிகிதாவின் கணவர். அவர் காய்ச்சலில் இறந்ததும், விதவையே முத்திரை அச்சை வைத்துக்கொள்ளலாம் என்று கொல்லர் சங்கம் அனுமதித்தது. கொழுந்தனார் லம்பெர்த்தோ, முத்திரை அடிக்கும் உரிமை தரும் ஆசான் பட்டத்தை இன்னும் பெறாதவர். ஆகவே பாத்திரம் செய்வது அவர், முத்திரை அடிப்பது அண்ணி என்றாயிற்று. "இது சுத்த வெள்ளி, பொய்யானால் என் கையை எடுத்துக்கொள்" என்பதே அந்த முத்திரையின் பொருள். பேச்சுக்குச் சொல்வதல்ல, அவ்வூர்ச் சட்டமே அப்படி.

வணிகர் ஒருவர் மாதா கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்திருந்த வெள்ளி விளக்கு, சில மாதங்களில் விளிம்பெல்லாம் பச்சை பூத்தது. மாற்றுப் பார்க்கும் அதிகாரி வந்து சுரண்டினார். உள்ளே செம்பு. கவிழ்த்துப் பார்த்தார். அடியில் அர்பியோல் முத்திரை.

மறுநாள் காலை கோயில் முற்றத்துக்கு அச்சோடு வர வேண்டும் என்று ஆணை வந்தது. பிரிகிதா அம்மாளின் கையிலிருந்து மெருகுக்கல் இரண்டு முறை நழுவி விழுந்தது.

"அண்ணி, அந்த மாதிரி விளக்கே நாம செஞ்சதில்லையே. எவனோ கள்ள அச்சு வெட்டியிருக்கான்" என்றார் லம்பெர்த்தோ. "நம்ம முத்திரை இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கையாவது மிஞ்சும்."

"சொல்லிடுறேன் தம்பி. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு" என்றார் அம்மாள்.

காலையில் மாதா சுரூபத்தின் முன் முழந்தாளிட்டு, "தாயே, இந்தப் பயத்தை மட்டும் எடுத்துடு" என்று மன்றாடினார். மாதா எடுக்கவில்லை.

முற்றத்தில் ஊரே கூடியிருந்தது; விளக்கைக் கொடுத்த வணிகரும் முன்னால் நின்றார். ஒரு மேசை, ஒரு கரியடுப்பு, பக்கத்தில் ஒரு மரக்கட்டை. கட்டை எதற்கென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதைக் கண்டதும் அம்மாளுக்குக் கண் இருட்டியது. லம்பெர்த்தோ தோளைப் பிடித்து நிறுத்தினார்.

அதிகாரி அச்சை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, விளக்கைக் கவிழ்த்து நீட்டினார். "நல்லாப் பார்த்துச் சொல்லுங்கம்மா. இது உங்க முத்திரையா?"

'இல்லை' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் கண் முத்திரையைப் பார்த்துவிட்டது. அது இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. சுத்தியல் விரலில் விழுந்துவிடுமோ என்று பயந்து, கண்ணை இறுக மூடி, "மரியே" என்று கூவிக்கொண்டு அடிப்பவர் அவர். அதனால் அவர் அடித்த முத்திரை ஒவ்வொன்றும் அப்படித்தான் சாய்ந்து விழும். மரியாயின் பெயரைச் சொல்லி அடித்ததை, மரியாயின் வாசலில் நின்றுகொண்டே இல்லை என்பதா?

"என்னுதுதாங்கய்யா" என்றார். பல் தந்தியடித்தது. "நான் அடிச்சதுதான். ஆனா அந்த விளக்கு எங்களுது இல்ல."

லம்பெர்த்தோ தலையில் அடித்துக்கொண்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "தலை இவளோடதாம், உடம்பு வேற யாரோடதோவாம்!" என்று ஒருவன் கத்தினான்.

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "அப்படின்னா முத்திரையும் விளக்கும் தனித்தனியா வரணுமே. வருதான்னு பார்த்துடலாம்" என்று விளக்கைக் கனலின் மேல் பிடித்தார். அம்மாள் பார்க்கவில்லை. எப்படியும் போகப்போகிறது என்று வலக்கையைத் தாமே கட்டையின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தமக்குத் தெரிந்த அந்த ஒரே ஜெபத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

ஜெபம் பாதியில் இருக்கையில் 'டிங்' என்று ஒரு சத்தம். நாணயமளவு வெள்ளித் தகடு ஒன்று விளக்கின் அடியிலிருந்து கழன்று, முற்றத்தில் உருண்டோடி, கோயில் வாசற்படியில் போய் விழுந்தது. முத்திரை அதில்தான் இருந்தது. விளக்கின் அடியிலோ வட்டமாக ஓர் ஓட்டை, ஓரமெல்லாம் உருகிய ஈயம்.

லம்பெர்த்தோ ஓடிப்போய் எடுத்துப் பார்த்தார். "இது நாம செஞ்சு வித்த உப்புக் கிண்ணத்தோட அடி! வெட்டியெடுத்து ஈயம் வெச்சு ஒட்டியிருக்காங்க!"

எல்லோரும் வணிகரைத் தேடினார்கள். அவர் நின்ற இடம் காலியாக இருந்தது.

சூடு பட்டால் ஈயம் உருகத்தானே செய்யும், இதில் அற்புதம் எங்கே என்று கொல்லர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அம்மாள் 'இல்லை' என்று சொல்லியிருந்தால், மேசைமேல் இருந்த அச்சே முத்திரையோடு பொருந்தி அவரைக் காட்டிக் கொடுத்திருக்கும். விளக்கை நெருப்பில் காட்ட யாருக்கும் தோன்றியிருக்காது. அஞ்சி நடுங்கிய அந்த வாயில் அந்த மெய்யை வைத்தவள் யார் என்பதே நம் கேள்வி.

அம்மாளோ இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. கட்டைமேலிருந்து கையை எடுக்கவும் இல்லை. "முடிஞ்சுதாங்களா?" என்று கேட்டார்.

வயதான பங்குச் சாமியார் படியிறங்கி வந்தார். ஊரார் எல்லாரும் முத்தமிட்டு வணங்குவது அவர் கையை. அவர் குனிந்து, கரி படிந்த அந்த வலக்கையை எடுத்து, எல்லோர் முன்னிலையிலும் முத்தமிட்டார். "கண்ணைத் திற மகளே. மாதா உன் கையை உன்கிட்டயே விட்டுட்டா."

அதற்குப் பின்னும் பிரிகிதா அம்மாள் இடிக்கும் நாய்க்கும் பயந்துகொண்டேதான் வாழ்ந்தார். பயம் தீராமலே மெய் சொன்ன அந்த எளிய தாயின் திருக்கரங்களுக்கு நம் வணக்கம்.