சேர்மன் கை காட்டிய கூட்டம்

முன்னாள் சேர்மன் தில்லைநாயகத்துக்கு அன்றைக்கு டயாலிசிஸ். கழுத்தில் போட்டிருந்த குழாயில் ரத்தம் வரவில்லை. மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்தியது.

"உள்ளே குழாய் முனை எங்கேயோ ஒட்டிக்கிட்டிருக்கு சார். தலையைத் திருப்பி, கையைக் கொஞ்சம் தூக்குங்க," என்றார் ஜெபமணி சிஸ்டர்.

"எவன் சொல்லியும் நான் கை தூக்கினதில்ல! என்னை அசையச் சொல்லாம சரி பண்ணு. இல்லேன்னா நாளைக்கே உனக்கு மலைமேல டிரான்ஸ்பர்!"

பக்கத்துக் கட்டிலில் இசக்கிமுத்துவுக்கும் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மினிபஸ் கண்டக்டர். படியை விட்டு நகராத ஆட்களை நகர்த்துவதுதான் அவர் பிழைப்பே.

"அண்ணாச்சி! ஜன்னலுக்கு வெளியே என்ன இப்படிக் கூட்டம்! உங்களைப் பார்க்கத்தான் போல!"

சேர்மன் படக்கென்று தலையைத் திருப்பினார். கண்ணாடி போடாத கண்ணுக்கு ஏதோ பச்சையாக அசைவது தெரிந்தது. கையை உயரத் தூக்கி ஆட்டினார். மெஷின் கப்சிப். ரத்தம் சரளமாக ஓடியது. கையை இறக்கியதும் மறுபடி கத்தல்.

"கூட்டம் இன்னும் கலையல அண்ணாச்சி!"

கை மறுபடி மேலே போனது. கடைசிவரை இறங்கவேயில்லை.

எல்லாம் முடிந்து கண்ணாடியை மாட்டிப் பார்த்தார் சேர்மன். வெளியே கொடியில் ஆஸ்பத்திரியின் பச்சைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"ஏலே, இதுக்கா நான் கை காட்டினேன்?"

"கோவப்படாதீங்க அண்ணாச்சி," என்றார் இசக்கிமுத்து. "காத்தடிச்சப்ப அதுகளாவது திருப்பிக் கை காட்டிச்சு. உங்க போன மீட்டிங்குல அதுவும் இல்ல."