மாடி வீட்டின் இன்னொரு சாவி

கரட்டம்மாவிடம் வந்து போகும் சீடர்களில் நாச்சிமுத்துவுக்குத்தான் வயது அதிகம். அம்மாவைவிடவே இருபது வயது மூத்தவர். அவர் அம்மாவை "அம்மா" என்பார். அம்மா அவரை "ஐயா" என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

ஊருக்கு மேற்கே ஒரு கரடு உண்டு. மலை என்று சொன்னால் மலைகள் கோபித்துக்கொள்ளும், அத்தனை சின்னப் பாறைக் குன்று. அதன் மேல் செல்லாண்டியம்மன் கோயில். நாச்சிமுத்துவின் தாத்தா தன் நிலத்தில், தன் செலவில் கட்டியது. அதைக் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றிக்கொண்டு, பக்கத்து ஓட்டு அறையில் இருந்தார் கரட்டம்மா. மனதில் ஏதாவது உறுத்தினால் ஊரார் மேலே ஏறிப் போய்க் கேட்பார்கள். சில சமயம் பதில் கிடைக்கும். சில சமயம் மோர் மட்டும் கிடைக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில் நாச்சிமுத்து மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தார். முகம் சரியில்லை.

"என்னங்கய்யா, வீட்ல பாவாத்தாளக்கா சோறு போடலீங்களா?"

"போடுதுங்க. தட்டை நங்குனு வெக்குது. பேச்சுத்தான் இல்லை."

"அப்படி என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்கம்மா. எம் வீட்டுக்குள்ள நான் போனேன். அதுக்குத்தான் இத்தனை ரகளை."

அவர் சொன்னது மாடி வீட்டை. கீழே அவரும் மனைவி பாவாத்தாளும் இருந்தார்கள். மேலே வாடகைக்கு இருந்தது சுகந்தியும் அவள் புருஷன் ஜெகதீஷும். சுகந்தி ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெற்ற பிள்ளைகள் வெளியூர் போன பிறகு வெறிச்சோடிக் கிடந்த அந்த வீட்டில், அவள் வந்த பிறகுதான் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது. பாவாத்தாளின் சர்க்கரைக்கு அவள்தான் ஊசி போட்டுவிடுவாள். நாச்சிமுத்துவுக்குப் பிரஷர் பார்த்து, ஊறுகாயைக் குறைக்கச் சொல்லி மிரட்டுவாள். அவருக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். ஆனால் வீட்டின்மேல் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் பிரியம்.

நூல் மில்லில் ஆயுசு முழுக்க சூப்பர்வைசராக இருந்தவர். ஓய்வு பெற்றது மனிதர்தான், கால்கள் ஓய்வு பெறவில்லை. மாடி வீட்டுக்கு இன்னொரு சாவி அவரிடம் இருந்தது. மேலே ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு ரவுண்டு போய்விட்டு வருவார். சுவரில் ஆணி அடித்திருக்கிறார்களா, குழாய் சொட்டுகிறதா, அடுப்பு மேடையில் எண்ணெய்க் கறை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். கறை இருந்தால் தானே துடைத்துவிடுவார். பால் திறந்து கிடந்தால் பூனைக்குப் பயந்து மூடி வைப்பார். இதையெல்லாம் அவர் உதவி என்றே மனதார நம்பினார்.

"செவ்வாக்கிழமை மத்தியானமுங்க. அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சு மேல போனேன். பாத்ரூம் செவத்தைத் தட்டித் தட்டிப் பாத்துட்டு இருந்தேன். அந்தப் பொண்ணு நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து உள்ள தூங்கிட்டு இருந்திருக்குது. திருடன்னு நெனச்சு வெளக்குமாத்தத் தூக்கிட்டு வந்துருச்சு."

கரட்டம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அடி பலமுங்களா?"

"அடிக்கலீங்க. அடிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. 'நான்தாம்மா, ஓனர்'னு சொன்னேன். அதுக்கு அது என்ன சொல்லுச்சு தெரியுங்களா? 'திருடனா இருந்தா போலீசுக்குப் போன் பண்ணுவேன், உங்களை என்னங்கய்யா பண்றது?'ன்னு கேட்டுட்டு அப்படியே உக்காந்து அழுவுது."

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் அந்தப் பையன் கீழ வந்து, மாசக் கடைசியில காலி பண்ணிக்கறோம்னு சொல்லிட்டான். அதுல இருந்து என் சம்சாரம் பேசறதில்ல. எனக்கும் சோறு எறங்கலீங்கம்மா. அந்தப் புள்ள போயிட்டா நாங்க ரெண்டு பேரும் மொகத்தை மொகம் பாத்துட்டு உக்காந்திருக்கோணும். போகக் கூடாதுங்க. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க? வெயில்ல நின்னு செங்கல் செங்கலா எண்ணிக் கட்டுன வீடு. எம் வீட்டுக்குள்ள போக எனக்கு உரிமை இல்லீங்களா?"

கரட்டம்மா ஆணியில் தொங்கிய கோயில் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்கய்யா. கோயில் தொறக்க நேரமாச்சு."

நாச்சிமுத்து பின்னாலேயே போனார். கேள்விக்குப் பதில் இல்லை, மோரும் இல்லை என்று அவருக்குள் ஒரு குறை.

கரட்டம்மா நேராகச் சன்னதிக் கதவுக்குப் போனார். பூட்டில் சாவியை நுழைத்தார்.

"அம்மா!"

நாச்சிமுத்து போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. ஓடி வந்து கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

"கை தட்டலீங்களேம்மா!"

"அட, ஆமா. இன்னைக்கு ஒரு நாள் போகட்டும் விடுங்க. வெளக்குல எண்ணெய் இருக்குதான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்றேன்."

"அதெப்படீங்க? எங்க தாத்தன் காலத்து வழக்கம். கை தட்டி, மணியடிச்சு, மொகத்தை அந்தப் பக்கமாத் திருப்பிக் கொஞ்ச நேரம் நிக்கோணும். பொறவுதான் தொறக்கோணும்."

"எதுக்குங்கய்யா அத்தனை சடங்கு?"

"என்னங்கம்மா, எல்லாம் தெரிஞ்ச நீங்களே கேக்கறீங்க! உள்ள ஆத்தா தூங்கிட்டு இருப்பா. தலை அவுந்து கெடக்கும். சீலையைச் சரி பண்ணிக்க நேரம் வேண்டாமுங்களா? எங்கப்பன் கை தட்டாம ஒரு நாள் கதவைத் தொட்டதில்லீங்க."

"நல்லதுக்குத்தானே போறேன்? எண்ணெய் இல்லீனா ஊத்திட்டு வருவேன். அவளுக்கும் உதவிதானுங்களே?"

"உதவின்னாலும் அதுக்கொரு மொறை இருக்குதுல்லீங்க! திடுதிப்புனு உள்ள நொழைஞ்சா அவ என்ன நெனப்பா?"

"உள்ள இருக்கறது கல்லுதானுங்களே?"

"அம்மா!" நாச்சிமுத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

கரட்டம்மா பாறைமேல் உட்கார்ந்தார். குரல் மாறவில்லை.

"இந்த நெலம் ஆருதுங்க?"

"எங்களுதுங்க."

"கட்டடம்?"

"எங்க தாத்தன் கட்டுனதுங்க."

"அப்ப நீங்க எதுக்குங்கய்யா கை தட்டறீங்க?"

நாச்சிமுத்துவின் வேட்டி மடிப்பில் சொருகியிருந்த மாடி வீட்டுச் சாவி இடுப்பில் குத்தியது. காதைப் பொத்திய கைகள் மெல்லக் கீழே இறங்கின.

கரட்டம்மா உட்கார்ந்தபடியே மணியைக் காட்டினார். நாச்சிமுத்து கை தட்டினார். மணியை அடித்தார். கிழக்கே பார்த்துத் திரும்பி நின்றார். வழக்கமாகக் கொஞ்ச நேரம் நிற்பவர், அன்று வெயில் முகத்தில் ஏறும்வரை நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மாடிப்படி ஏறினார். மூடியிருந்த கதவைப் பார்த்ததும் கோயில் ஞாபகத்தில் படபடவென்று கை தட்டிவிட்டார். பிறகுதான் பக்கத்தில் இருந்த காலிங் பெல் கண்ணில் பட்டது. அதை வாங்கி மாட்டியதே அவர்தான். ஆனால் ஒரு தடவைகூட அமுக்கியதில்லை. இப்போது அமுக்கினார். உள்ளே ஒரு குருவி கத்தியது. இவ்வளவு நல்ல சத்தமா என்று அவருக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது.

சுகந்தி கதவைத் திறந்தாள். நாச்சிமுத்து சட்டென்று படிக்கட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தெரியாமப் பண்ணிட்டேன்மா. தெரியாமன்னு சொன்னாப் பொய். தெரிஞ்சேதான் பண்ணுனேன். இனிமே பண்ண மாட்டேன்."

"ஐயா, செவுத்துக்கிட்டயா பேசறீங்க?"

அவர் திரும்பாமலே சாவியைப் பின்பக்கமாக நீட்டினார்.

"இந்தாம்மா. உங்க வீட்டுச் சாவி."

சுகந்தி சாவியை வாங்கிக்கொண்டாள். சிரிப்பு வந்தது போலத்தான் இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை. இருக்கிறோம் என்றும் சொல்லவில்லை, போகிறோம் என்றும் சொல்லவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகான நாட்கள் நாச்சிமுத்துவுக்குப் பெரும்பாடு. பழக்க தோஷத்தில் கால் மாடிப்படிவரை போகும், வெட்கப்பட்டுத் திரும்பி வரும். மேலே ஏதோ நகர்த்தும் சத்தம் கேட்டால், சாமான் கட்டுகிறார்களோ என்று கூரையை அண்ணாந்து பார்ப்பார். போய்க் கேட்டுவிடலாம் என்று தோன்றும். கேட்கவில்லை. அவர்களாகச் சொல்லட்டும் என்று இருந்தார். பாவாத்தாள் மட்டும் தட்டைச் சத்தமில்லாமல் வைக்க ஆரம்பித்திருந்தாள்.

மாசக் கடைசி நெருங்கிய ஒரு காலையில் ஜெகதீஷ் கீழே வந்தான். "நாங்க இங்கயே இருந்துக்கறோம்ங்க," என்றான். நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒளித்துக்கொள்ளத் தெரியவில்லை. பாவாத்தாள் அன்றைக்குப் பாயசம் வைத்து, முதல் டம்ளரை மாடிக்குக் கொடுத்துவிட்டாள்.

மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம் நாச்சிமுத்து குடையோடு கரடு ஏறினார். முகத்தில் மறுபடியும் கவலை.

"இப்ப என்னங்கய்யா?"

"மாடி வீட்டு மேல்தளத்துல ஈரம் எறங்கற மாதிரி தெரியுதுங்கம்மா. வெளிய இருந்தே தெரியுது. உள்ள போயிப் பாத்தாத்தான் எங்க வெடிப்புன்னு கண்டுபுடிக்க முடியும். விட்டா அவங்க தலையிலதான் ஒழுகும். இது நான் பாக்க வேண்டிய வேலைதானுங்களே?"

"சந்தேகமே இல்லீங்க. போயிப் பாருங்க."

"பயமா இருக்குதுங்க. இப்பத்தான் இருக்கறோம்னு வாய் தொறந்து சொல்லியிருக்காங்க. ஏடாகூடமான நேரத்துல போயி நின்னு, மறுபடியும் அந்தப் புள்ள மனசு கோணிப் போயிருச்சுன்னா? அஷ்டமி நவமி இல்லாம, ராகு காலம் எமகண்டம் இல்லாம, நீங்களே ஒரு நல்ல நாள் குறிச்சுக் குடுங்கம்மா."

கரட்டம்மா மாடத்தில் இருந்த பஞ்சாங்கத்தை எடுத்தார். முந்தானையால் தூசி தட்டினார். நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து பயபக்தியோடு காத்திருந்தார்.

அம்மா அதைத் திறக்காமலே அவர் கையில் வைத்தார்.

"இதைக் கொண்டு போயி சுகந்திகிட்டக் குடுங்க. நல்ல நாளை அந்தப் பொண்ணே குறிக்கட்டும்."

நாச்சிமுத்து விழித்தார்.

"அந்தப் பொண்ணுக்குப் பஞ்சாங்கம் பாக்கத் தெரியாதுங்களே!"

கரட்டம்மா மோர்ப் பானையை நகர்த்தி, ஒரு டம்ளர் மொண்டு அவர் முன்னால் வைத்தார்.

"பஞ்சாங்கத்துக்கு மட்டும் அந்தப் பொண்ணு எப்பத் தூங்குதுன்னு தெரியுமாங்கய்யா?"